மீன் இல்லாத தொட்டி

சுங்கை பினாங் ஃபிளாட்டில் நான் வளர்க்கும் பவளத் தொட்டியில் மீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் கண்டது. செம்பு கலந்த மருந்தை ஊற்றினால் பவளம் செத்துவிடும். அதனால் மீன்களை வேறு தொட்டிக்கு மாற்றி, அங்கே மருந்து போட்டேன். மீனே இல்லாவிட்டால் பவளத் தொட்டியில் தங்கியிருக்கும், அந்த நோயைத் தரும் ஒட்டுண்ணி பட்டினியில் ஒழியும் என்று வாரக்கணக்கில் காத்திருந்தேன்.

அந்தக் கெடு முடியுமுன்பே வந்த தீபாவளியன்று எங்கள் வீட்டில் திறந்த இல்ல உபசரிப்பு. நான் வாசலில் விருந்தினரை வரவேற்று நின்ற நேரம் பார்த்து, பாகான் டாலாமிலிருந்து வந்த மச்சினன் ஒரு புது மீனைத் தொட்டியில் விட்டுவிட்டான்.

“நல்ல நாள்ல தொட்டி காலியா கிடந்தா நல்லாவா இருக்கும்? இப்ப பாருங்க மச்சான், அழகா இருக்குலா!”

வந்தவர்கள் முறுக்கைக் கடித்தபடி அதைப் படம் பிடித்தார்கள். அடுத்த வாரமே அதன் துடுப்பெல்லாம் வெள்ளைப்புள்ளி. நான் பட்டினி போட்டுக் கொல்லப் பார்த்த ஒட்டுண்ணிக்கும் சேர்த்து விருந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், அந்தப் புண்ணியவான்.