பத்துக்கு நாலு

அருந்ததி ஓரிடத்தில் இருக்கமாட்டாள். சோற்றுக் கோப்பையைக் கையில் ஏந்திக்கொண்டு முற்றத்தைச் சுற்றிச் சுற்றித்தான் சாப்பிடுவாள். "காலிலை சில்லுப் பூட்டிக்கொண்டு பிறந்தவள்" என்று தாய் வடிவம்மா ஏசுவாள். மடிக்கணினிக்கு முன்னால் மட்டும் ஆள் ஆணி அடித்ததுபோல் இருப்பாள். வீட்டில் அலுமாரிக்கு மேலேதான் சிக்னல் எட்டும் என்பதால் போன் எந்நேரமும் அங்கேதான் குந்திக்கொண்டிருக்கும். அதிலிருந்து இன்டர்நெட்டை எடுத்துக்கொண்டு அவள் கீழே கதிரையில் இருந்து புரோகிராம் எழுதுவாள்.

இருபத்தெட்டு வயது. கிளிநொச்சியில் ஒரு டிப்ளோமா படித்தாள். மிச்சத்தை இன்டர்நெட்டில் இலவசமாகச் சொல்லித் தருகிறவர்களிடம் ஐந்து வருடமாகப் படித்தாள். பகலில் பரந்தன் சந்தியில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் வேலை. பிறப்புச் சான்றிதழ் கொப்பி அடிப்பது, மற்றவர்களின் வேலை விண்ணப்பங்களை நிரப்பிக் கொடுப்பது. அந்தக் கடையில் அவளைப்போல விண்ணப்பம் எழுத ஆளில்லை. "எல்லாம் அரைகுறைதான் அக்கா" என்று தலையைச் சொறிகிற பெடியனைப் பார்த்து, "அப்பிடியெல்லாம் எழுதேலாது தம்பி, நல்லாத் தெரியும் எண்டு போடுவம்" என்று தானே போட்டுவிடுவாள். அவன் வேலைக்குப் போய்விடுவான். இவள் அங்கேயே நிற்பாள்.

ஏனென்றால் தன் விண்ணப்பம் என்று வந்தால் அவளுக்குக் கை கூசும்.

அது அவள் ஒருத்தியின் கூச்சமும் இல்லை. அவளுடைய தகப்பன் தங்கராசாவின் குடும்பம் எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தோடு தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்தது. தோட்டத்தில் "இது யாருக்குத் தெரியும்?" என்று கங்காணி கேட்டு, "எனக்குத் தெரியும்" என்று எவன் சொன்னானோ அவன் தலையில்தான் அந்த வேலையும் ஏறும். பிறகு சண்டைக் காலம். எந்தச் சென்றிக் காவலரணில் எவன் மறித்து எதைக் கேட்டாலும், "தெரியாது ஐயா" என்ற சொல்தான் ஆளை வீடு கொண்டுவந்து சேர்த்தது. போதாததற்குக் கண்ணூறு, அதாவது கண்பட்டுவிடும் என்ற பயம். நெல் மூட்டை வீடு முட்ட அடுக்கிக் கிடந்தாலும் "விளைச்சல் எப்பிடி?" என்று கேட்டால் தங்கராசா, "ஏதோ, பரவாயில்லை" என்றுதான் சொல்வார். ஊரே அப்படித்தான் சொல்லும். ஊருக்குள் அது எல்லோருக்கும் விளங்கும். "ஏதோ பரவாயில்லை" என்றால் வீடு நிரம்பியிருக்கிறது என்று அர்த்தம்.

கொழும்புக்கு அது விளங்குமா? அங்கேதான் வில்லங்கம்.

போன வருடத்திலிருந்து கொம்பனிகள் ஆள் தேடுகின்றன. புரோகிராமர் வேண்டும், ஆறு மாத ஒப்பந்தத்துக்கு ஆள் வேண்டும், வீட்டிலிருந்தே செய்யலாம் என்று விளம்பரத்துக்குமேல் விளம்பரம். அருந்ததி பதினேழு இடத்துக்குப் போட்டாள். பதினைந்து இடத்தில் பதிலே இல்லை. பதினாறாவது இடம் "மன்னிக்கவும்" என்று ஒரு வரி எழுதியது. பதினேழாவது, கொழும்புக் கொம்பனி ஒன்று, சோதினை அனுப்பியது. சனிக்கிழமை காலையில் இரண்டு மணித்தியாலத்தில் செய்யவேண்டியதை அவள் ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டு, மிச்ச நேரம் கிணற்றைச் சுற்றி நடந்தாள்.

நடந்ததற்குக் காரணம் இருந்தது. வடிவம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, மச்சாள்காரி மூலம் காமென்ட்ஸில், உடுப்புத் தைக்கிற தொழிற்சாலையில், ஓர் இடம் பேசி வைத்திருந்தாள். ஒன்றாம் திகதி விடிய ஐந்தரைக்குக் கொம்பனி பஸ் வீட்டு வாசலுக்கே வரும். காமென்ட்ஸ் கேவலமான வேலை என்று அருந்ததி ஒருநாளும் நினைத்ததில்லை. அவளோடு படித்தவர்களில் பாதிப்பேர் அங்கேதான். ஆனால் இருட்டோடு போய் இருட்டோடு வந்து விழுகிற உடம்பு பிறகு கணினியைத் தொடாது என்பது அவளுக்குத் தெரியும். ஐந்து வருடம் ஒரு வருடத்தில் மறந்துபோகும். அந்தப் பயத்தில் அவளுக்கு நித்திரை வரவில்லை, சோறு இறங்கவில்லை. ஒன்றாம் திகதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு நேர்முகம். திரையில் வந்தவள் சுமித்திரா என்ற கொழும்புப் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும். ஆங்கிலத்தில் தொடங்கி, இவள் திக்குவதைக் கண்டு தமிழுக்கு மாறினாள்.

"ஃபோர்ம்ல உங்களுக்கு நீங்களே பத்துக்கு நாலுதான் போட்டிருக்கீங்க. பைத்தன் புரோகிராமிங் அவ்வளவுதான் தெரியுமா?"

"ஓம் மிஸ். கொஞ்சம் தெரியும்."

"நீங்க செஞ்சு, ஆட்கள் பாவிக்கிறது ஏதாவது இருக்கா?"

விடை அருந்ததியின் தொண்டைவரை வந்தது. போன சிறுபோக நெல்லுக்குக் குளத்தில் தண்ணீர் குறைவு. வாய்க்கால் வாய்க்காலாக முறை வைத்துத்தான் திறந்தார்கள். முறை தெரியாமல் மண்வெட்டியோடு அடிபடுவது அங்கே புதிதில்லை. தங்கராசாவின் இடது கையில் முழங்கைக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது, பக்கத்து வயல் ஏரம்பு கொடுத்தது. அதற்குப் பிறகு ஆறு வருடம் இரண்டு பேருக்கும் கதை பேச்சில்லை. அருந்ததி கடையில் சும்மா இருந்த நேரங்களில் ஒரு புரோகிராம் எழுதினாள். தண்ணீர் எப்போது யார் வயலுக்கு வரும் என்று அது முதல்நாளே போனுக்குச் சொல்லும். இருநூற்றுப் பன்னிரண்டு கமக்காரர்கள். ஒருவருக்கும் முறை தப்பவில்லை.

இதை வேலை என்று சொல்லலாமா? ஒரு சதமும் வாங்காமல் ஊருக்குச் செய்ததைக் கொழும்பில் போய்ப் பெருமையடிப்பதா?

"அப்பிடிப் பெரிசா ஒண்டுமில்லை மிஸ்" என்றாள்.

சுமித்திரா எதையோ குறித்துக்கொண்டாள். அவளுடைய வேலையைத் தெரிந்த ஒருவரின் நம்பர் கேட்டாள். அருந்ததி கமக்காரர் அமைப்பின் செயலாளர் நல்லதம்பியின் நம்பரைக் கொடுத்தாள். தன் வாயால் சொல்லாததை அவராவது சொல்லட்டும் என்று ஒரு நப்பாசை.

புதன் பின்னேரம் நல்லதம்பி மோட்டார் சைக்கிளை வாசலிலேயே போட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டு வந்தார்.

"பிள்ளை, கொழும்பிலையிருந்து கோல் எடுத்தவை. ஒரு குறையும் வைக்காமல் சொல்லிப்போட்டன்!"

"என்ன மாமா சொன்னனீங்கள்?"

"தங்கமான பிள்ளை எண்டு சொன்னனான். குனிஞ்ச தலை நிமிராது, வாய் திறந்து ஒரு சொல்லுக் கதைக்காது, வேலை விட்டா நேரா வீடு எண்டு சொன்னனான்."

"கொம்பியூட்டர் வேலையைப் பற்றிக் கேக்கேல்லையோ?"

"கேட்டவா. சின்னப்பிள்ளைதானே, ஏதோ தட்டும், போகப் போகப் பழகும் எண்டு சொன்னன்."

"தண்ணி முறை?"

"அதை ஏன் பிள்ளை? பெருமையடிச்ச மாதிரிப் போயிடும். பிறகு கண்ணூறு பட்டால் ஆர் பதில் சொல்லுறது?"

வடிவம்மா அவருக்குத் தேத்தண்ணி கொடுத்து, "நிறைகுடம் தளும்பாது எண்டு சும்மாவே சொன்னவை" என்று அவர் சொன்னதுக்கு ஒத்து ஊதினாள். குடம் தளும்பாவிட்டால் உள்ளே தண்ணீர் இருக்கிறதென்று தூரத்தில் நிற்பவனுக்கு எப்படித் தெரியும் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. அருந்ததி பற்களைக் கடித்துக்கொண்டு வளவை நாலு தரம் சுற்றிவந்தாள். நல்லதம்பி மாமாவில் கோபிக்கவும் முடியவில்லை. அவள் செய்ததைத்தானே அவரும் செய்தார்.

வியாழக்கிழமை மத்தியானம் கடையில் நிற்கும்போது கடைக் கணினியில் மின்னஞ்சலாகக் கடிதம் வந்தது. சுமித்திரா மரியாதையாகத்தான் எழுதியிருந்தாள். சோதினையில் எல்லாமே சரி. அதுவும் பாதி நேரத்தில். ஆனால் உங்களுக்கு நாலுதான் தெரியும் என்று நீங்களே சொல்கிறீர்கள், உங்களைத் தெரிந்தவரும் அதையே சொல்கிறார். ஆகவே சோதினையை வேறு யாரோ செய்து தந்திருக்கலாம் என்ற சந்தேகம் எங்களுக்கு இருக்கிறது. மேற்கொண்டு போக முடியாது.

அருந்ததிக்கு முகம் எரிந்தது. அடக்கமாக இருந்தால் நல்ல பிள்ளை என்று வளர்த்தார்கள். அடக்கமாக இருந்தாள், கள்ளி என்று பெயர் வந்துவிட்டது. பாதிக் கொப்பியில் மெசினை நிற்பாட்டிவிட்டு, முதலாளியிடம் ஒரு சொல்லுச் சொல்லிவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த வெயிலில் வீட்டுக்கு மிதித்தாள்.

தங்கராசா மாமர நிழலில் வரம்பு வெட்டிவிட்டு வந்து சேற்றுக் கால்களைக் கழுவிக்கொண்டிருந்தார். அருந்ததி கதிரையை அலுமாரிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு, அதில் ஏறி நின்று நம்பரை அழுத்தினாள். போனை இறக்கினால் சிக்னல் போய்விடும் என்பதால் ஸ்பீக்கரில் போட்டாள். வீடு முழுக்கக் கேட்டது.

"மிஸ், நான் முரசுமோட்டை அருந்ததி. சோதினையை நான்தான் செய்தனான். பொய் சொன்னது வேற இடத்திலை."

"எங்க?"

"நாலு எண்டு போட்டது பொய். ஒண்டும் செய்யேல்லை எண்டதும் பொய்."

"மெல்லக் கதை பிள்ளை!" என்று வடிவம்மா குசினிக்குள்ளிருந்து ஓடிவந்தாள். "அயலட்டை கேக்கப்போகுது."

"கேக்கட்டும்!" என்றாள் அருந்ததி. அலுமாரியை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். தண்ணி முறைப் புரோகிராமைப் பற்றி அவள் சொல்லத் தொடங்கியபிறகு நிறுத்தவில்லை. சுமித்திரா இடையில் மறித்துக் கேள்விகள் போட்டாள். ஒருவருக்கு இரண்டு வாய்க்காலில் வயல் இருந்தால்? இரண்டையும் தனித்தனி ஆளாகத்தான் எண்ணும். மூன்று பேருக்கு ஒரே போன் என்றால்? பெயரோடு மூன்று தகவல் போகும். போன் நின்றுபோய் இருந்தால்?

"பக்கத்து வயல்காரருக்குப் போகும் மிஸ். அவர் போய்ச் சொல்லவேணும்."

"அவர் சொல்லாட்டி?"

அதற்குப் புரோகிராமில் விடை இல்லை. அப்போது கழுவின காலோடு தங்கராசா உள்ளே வந்து, அலுமாரியை அண்ணாந்து பார்த்துக்கொண்டு, போனுக்கு வணக்கம் சொன்னார்.

"தங்கராசா கதைக்கிறன் மிஸ், பிள்ளையின்ர தகப்பன். அது வந்து… ஏதோ…"

ஏதோ! அருந்ததி கண்ணை மூடிக்கொண்டாள். இனிமேல் "ஏதோ செய்யும்" என்பார், எல்லாம் முடிந்தது.

தங்கராசா தழும்பைத் தடவினார். "எனக்கும் பக்கத்து வயல்காரனுக்கும் ஆறு வருசமாக் கதை இல்லை மிஸ். தண்ணிச் சண்டையிலை அவன் என்ர கையிலை வெட்டினவன். போன சிறுபோகம் என்ர போன் செத்துப்போய்க் கிடந்தது. தகவல் அவனுக்குப் போயிருக்கு. விடியக் காத்தாலை வேலிக்கு அங்கால நிண்டு கூப்பிடுறான், தங்கராசா, தண்ணி வருதடா எண்டு." அலுமாரிக்கு இன்னும் கிட்ட வந்தார். "அந்தப் போகம் எங்கட வாய்க்காலிலை ஒரு மண்வெட்டியும் ஓங்கேல்லை. அதைச் செய்தது என்ர பிள்ளை. அவளுக்கு வேலை தெரியும்."

"தெரியும்" என்ற சொல்லைத் தகப்பன் வாயிலிருந்து அருந்ததி கேட்டது அன்றைக்குத்தான். கதிரையில் நின்றபடியே அழுதாள்.

பிறகு சுமித்திரா, "அருந்ததி, நாலு போட்ட ஃபோர்மை என்னால மேல கொண்டுபோக முடியாது. அஞ்சு மணிக்கு முன்னால புதுசா ஒண்ணு நிரப்பி அனுப்புங்க. அந்தத் தண்ணி விசயத்தையும் போடுங்க. மத்ததை நான் கதைக்கிறேன்" என்றாள்.

நாலேகால் மணி. பெயர், முகவரி, படிப்பு எல்லாம் ஓடியது. பத்துக்கு எத்தனை என்ற இடத்தில் விரல் நின்றுவிட்டது. எழும்பினாள், நடந்தாள், வந்து இருந்தாள், திரும்பவும் எழும்பினாள். பழக்கம் லேசில் விடுமா? ஆறு என்று போடலாமா? ஆறு பாவமில்லை. திரும்பிப் பார்த்தபோது வடிவம்மா பின்னால் நின்றாள். பொத்திய கைக்குள் உப்பும் செத்தல் மிளகாயும்.

"என்னம்மா?"

"நீ உள்ளதை எழுது. கண்ணூறை நான் பாக்கிறன்."

அருந்ததி ஒன்பது என்று அடித்தாள். வடிவம்மா அவளை மூன்று தரம் சுற்றி, கணினியையும் ஒரு தரம் சுற்றி, கொண்டுபோய் அடுப்பில் போட்டாள். நெடி அடித்தால் கண்ணூறு இல்லை என்பார்கள். வீடே இருமியது. பக்கத்து வீட்டு நாயும் தும்மியது.

பதில் அடுத்த செவ்வாய்க்கிழமை வந்தது. ஆறு மாத ஒப்பந்தம், திங்களிலிருந்து வேலை.

ஆனால் காமென்ட்ஸ் பட்டியலில் பெயரை வெட்டச் சொல்ல எல்லோரும் மறந்துபோனார்கள். ஒன்றாம் திகதி ஐந்தரைக்குப் பஸ் வாசலில் வந்து நின்று கோர்ன் அடித்தது. அருந்ததி கையில் தேத்தண்ணியோடு முற்றத்தில் நடந்துகொண்டிருந்தாள். வடிவம்மா தலையை முடிந்துகொண்டு படலைக்கு ஓடினாள்.

"மகள் வரேல்லையோ அம்மா?" என்று சாரதி கேட்டான். பஸ்ஸுக்குள் இருந்த பெட்டைகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"இல்லைத் தம்பி. அவளுக்கு வேற வேலை கிடைச்சிட்டுது."

"என்ன வேலை?"

"ஏதோ…" என்று வடிவம்மா தொடங்கினாள். நிறுத்தினாள். படலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, பஸ்ஸின் கடைசி சீற்றுக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "கொழும்புக் கொம்பனிக்குப் புரோகிராம் எழுதுறாள். பத்துக்கு ஒன்பது தெரியும் அவளுக்கு."

சொல்லிவிட்டு, பஸ் புறப்படுவதற்குள் மிளகாய் எடுக்கக் குசினிக்குள் ஓடினாள்.