படத்துப் பட்டாளம்

கல்யாணமான பன்னிரண்டாம் நாள் நாங்கள் இருவரும் பெரம்பலூர் தியேட்டருக்குப் போனோம். பகல் ஆட்டம். பட்டாளத்துப் படம். பட்டாளத்துக்காரரைக் கட்டிக்கொண்டு பட்டாளத்துப் படத்துக்கே போகிறோம் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, யாராவது பார்க்கிறார்களா என்று வழியெல்லாம் பார்த்துக்கொண்டே போனேன்.

கதாநாயகன் திரையில் வந்து நின்றதுமே பக்கத்து நாற்காலியில் ஒரு கனைப்பு.

"என்ன மாமா?" என்றேன். அவர் என் அத்தை மகன். தாலி ஏறுவதற்கு முன்னாலும் மாமாதான், பின்னாலும் மாமாதான்.

"முடியப் பாரு. காத மூடிக்கிட்டுத் தொங்குது. இந்த முடியோட எவனும் எங்க கேட்டத் தாண்ட முடியாது. பொய்யி."

கொஞ்ச நேரத்தில் கதாநாயகன் அதிகாரிக்கு விறைப்பாக ஒரு சல்யூட் வைத்தான். தியேட்டரே கைதட்டியது. "தலையில தொப்பியே இல்ல, எவன்டா சல்யூட் அடிப்பான்? பொய்யி" என்றார் இவர். துப்பாக்கிச் சண்டை வந்தது. "இவனுக்குக் குண்டு தீரவே தீராதா?" என்றார். கடைசியில் கதாநாயகனின் நண்பன் நெஞ்சில் குண்டு பட்டு விழுந்து, அம்மாவைப் பற்றியும் ஊரில் காத்திருக்கிற பெண்ணைப் பற்றியும் நிதானமாகப் பேச ஆரம்பித்தான். நான் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருக்கிறேன். இவர் என் காதருகில் குனிந்து, "நெஞ்சுல பட்டவன் இவ்ளோ நேரம் பேசுவானா? எல்லாம் பொய்யி" என்கிறார்.

எனக்கு வந்ததே கோபம். "இப்ப வாய மூடிக்கிட்டு இருக்கீங்களா, இல்ல நான் எந்திரிச்சு வெளிய போவட்டுமா?" என்று புதுப்பெண் என்பதையும் மறந்து கத்திவிட்டேன். முன்வரிசையில் இருந்தவர் திரும்பி இவரைப் பார்த்து, "அவங்க சொல்றதுதாங்க சரி" என்றார்.

செட்டிகுளத்துக்குத் திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டால் நான் லேசில் இறக்க மாட்டேன். என்ன சொல்லிச் சமாதானப்படுத்துவது என்று தெரியாமல் அவர் படத்திலிருந்தே ஆரம்பித்தார். பனிமலையில் வெறுங்கையால் துப்பாக்கியைப் பிடித்தானே, அப்படிப் பிடித்தால் தோல் இரும்போடு ஒட்டிக்கொள்ளுமாம். கூட்டமாகப் பேசிக்கொண்டே நடந்தார்களே, அப்படி நடக்கவே மாட்டார்களாம். ஒருவர் பின் ஒருவராக, முன்னால் போகிறவர் கால் வைத்த குழியிலேயே கால் வைத்து, வாயைத் திறக்காமல் போவார்களாம். "முன்னாடி போறவன் முதுவு மட்டுந்தான் தெரியும். அதப் பாத்துக்கிட்டே நாலு மணி நேரம் போவோம்" என்றார். பஸ் ஊருக்குள் நுழைந்தபோது நான் அவர் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தேன். எப்போது திரும்பினேன் என்று எனக்கே தெரியவில்லை.

அதற்கு முந்தைய பதினோரு நாளும் நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்திருந்தேன். "அங்க எப்படி இருக்கும் மாமா?" என்றால், "நல்லாத்தான் இருக்கும்." "குளிருமா?" "குளிரும்." "பயமா இருக்காதா?" "அதெல்லாம் ஒண்ணும் இல்ல." அவ்வளவுதான். கிணற்றில் போட்ட கல்லுக்காவது 'டொப்' என்று ஒரு சத்தம் வரும். அப்படிப்பட்ட மனிதர், ஒரு படம் தப்பாகச் சொல்லிவிட்டது என்றதும் மூச்சுவிடாமல் பேசுகிறார். சூட்சுமத்தை அன்றைக்கே பிடித்துக்கொண்டேன். நேராகக் கேட்டால் வாய் திறக்காது. யாராவது பொய் சொன்னால்தான் இவரிடமிருந்து நிஜம் வரும்.

அதன் பிறகு அவர் லீவில் வரும்போதெல்லாம் எங்கிருந்தாவது ஒரு பட்டாளத்துப் படம் பிடித்து வைத்துவிடுவேன். முதலில் சிடி, பிறகு டிவி, பிறகு செல்போன். எந்த மொழியானாலும் சரி. எவ்வளவு மட்டமான படமோ அவ்வளவு நல்லது எனக்கு. நாலு பேர் சேர்ந்து நானூறு பேரை அடித்தால் எனக்குக் கொண்டாட்டம். அப்படித்தான் தெரிந்துகொண்டேன், அங்கே சண்டை கொஞ்சம், பனி அள்ளிக் கொட்டுவதுதான் அதிகம் என்று. குடிக்கிற தண்ணீரே பனியை உருக்கித்தான். கூடாரத்துக்குள் மண்ணெண்ணெய் அடுப்பு எரிந்துகொண்டே இருப்பதால் மூக்கைச் சிந்தினால் கரியாக வரும். வீட்டுக்குப் போன் பேச வரிசையில் நிற்க வேண்டும். படத்தில் ஒருவன் மலையுச்சியில் உட்கார்ந்து மனைவியோடு மணிக்கணக்காகக் கொஞ்சியபோது, "பின்னாடி பத்து பேரு நிப்பான், என்னத்தக் கொஞ்சுறது?" என்று அவர் சிரித்தார். மூன்று நிமிஷத்தில் போனை வைத்துவிடுகிறார் என்று அந்த வருஷம் முழுக்க நான் அவர்மேல் வருத்தத்தில் இருந்தேன். அந்த வருத்தம் அன்றைக்குத்தான் போனது.

அந்த மூன்று நிமிஷப் பேச்சால் ஒரு கூத்தும் நடந்தது. முதல் வருஷம் ஒருநாள் போனில், "சுட்டி கெடச்சிருச்சு, அடுத்த வாரம் கெளம்புறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். கல்யாணத்தன்று நான் வைத்திருந்த நெற்றிச்சுட்டி இரவல். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது என் முகம் போன போக்கை அவர் பார்த்திருந்தார். வடக்கே எங்கோ கடையில் தேடி வாங்கிவிட்டார் என்று எனக்குப் பூரிப்பு. அத்தையிடம் சொன்னேன், அத்தை தெருவுக்கே சொன்னார். பெரம்பலூரில் ரயில் இல்லை. அரியலூர் ஸ்டேஷனுக்குப் போய், அழைத்துக்கொண்டு வந்து, வீட்டில் கால் வைத்ததும் பெட்டியைக் கவிழ்த்துத் தேடினால் கம்பளிக் காலுறையும் உலர்ந்த திராட்சையும்தான் இருக்கின்றன.

"சுட்டி எங்க மாமா?"

"சுட்டியிலதான வந்திருக்கேன்?"

பட்டாளத்தில் பேசுகிற இந்தியில் சுட்டி என்றால் லீவு. அத்தை சிரித்து முடிக்க ஒரு வாரம் ஆனது. நானும் சிரித்தேன். ஆனால் எனக்கும் வேண்டியது அந்தச் சுட்டிதான், நகை இல்லை. அதுவும் முடியவே முடியாத சுட்டி. இந்த மனிதர் மொத்தமாக வீட்டுக்கு வந்துவிட வேண்டும், பதினேழு வருஷமும் எனக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான்.

எங்கள் பக்கம் லீவில் வந்த பட்டாளத்துக்காரரைப் பார்த்தால் எல்லோரும் இரண்டே கேள்வி கேட்பார்கள். "எப்ப வந்தீங்க?" அதற்குப் பதில் சொல்லி வாயை மூடுவதற்குள், "எப்ப போறீங்க?" இரண்டாவது கேள்வியைக் கேட்கிறவர்களை எனக்கு ஆகவே ஆகாது. வெங்காயக் காட்டில், பஸ்ஸில், சிறுவாச்சூர் கோயில் வரிசையில், எங்கே போனாலும் இதே கேள்வி. போகிற நாளை அவரே மறந்திருந்தாலும் இவர்கள் விட மாட்டார்கள்.

அவர் போன பிறகு நான் தனியாகப் படம் பார்ப்பேன். பார்த்துக்கொண்டே, "பாருங்க மாமா, பூட்ஸ்ல ஒரு பொட்டுச் சேறு இல்ல" என்பேன். பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். "யாருகிட்டடி பேசற?" என்று அத்தை உள்ளேயிருந்து கேட்பார். கதாநாயகி காத்திருப்பதை ஒரு பாட்டில் முடித்துவிடுவார்கள். பாட்டு முடிந்ததும் அவன் வாசலில் வந்து நிற்பான். எனக்கு எரிச்சலாக வரும். பட்டாளத்தைப் பற்றி அவர் பிடித்த தப்பெல்லாம் இருக்கட்டும், பெரிய பொய் இதுதான் என்று கத்தலாம்போல இருக்கும்.

கல்யாணமாகிப் பதினேழாம் வருஷம் முடியப்போகிற சமயத்தில் அவர் போன் செய்தார். "இன்னும் ரெண்டு வருசம் இருக்கலாம்ங்கறாங்க. கையெழுத்துப் போட்டா போதும். நீ என்ன சொல்ற?"

"போதும் மாமா. வந்துருங்க."

எதிர்முனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. லைன்தான் போய்விட்டது போலிருக்கிறது என்று நான் நினைத்தபோது, "சரி" என்றார்.

வந்துவிட்டார். மகள் திருச்சியில் ஹாஸ்டலில் படிக்கிறாள். வீட்டில் அத்தையும் நாங்கள் இருவரும்தான். காலையில் எழுந்து பக்கத்தில் அவர் தூங்குவதைப் பார்த்தால், இன்னும் எத்தனை நாள் என்று மனசு பழக்கத்தில் விரல் மடக்கும். அட, இனிமேல் எண்ண வேண்டாமடி என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். அவர் காட்டுக்குப் போனார், வெங்காய மூட்டைகளைக் கயிறு பிடித்தது மாதிரி அடுக்கினார், வேலையாட்களோடு சேர்ந்து சாப்பிட்டார். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது.

ஆறு மாசம் போயிருக்கும். பஸ் ஸ்டாப்பில் பூலாம்பாடிக்காரர் ஒருவர், தெரிந்தவர்தான், இவரைப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி வந்தார்.

"எப்ப வந்தீங்க?"

"கொஞ்ச நாளாச்சுங்க."

"எப்ப போறீங்க?"

பக்கத்தில் நின்ற நான், இனிமேல் போக மாட்டார், மொத்தமாக வந்துவிட்டார் என்று அவர் வாயால் வரப்போவதைக் கேட்கக் காத்திருந்தேன். பதினேழு வருஷம் காத்திருந்த பதில் இல்லையா அது?

"போவணும்" என்றார் அவர்.

அந்த ஆள் போன பிறகும் நான் இவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாய்தவறி வந்திருக்கும் என்று வீடு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டிவியில் ஒரு பட்டாளத்துப் படம் போட்டார்கள். வேண்டுமென்றே அதிலேயே வைத்தேன். அரதப் பழசான, அநியாயத்துக்குப் பொய்யான படம். பஞ்சைக் கொட்டினது மாதிரி பனி. அதில் ஐந்தாறு பேர் நெருப்பைச் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் சாப்பிட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். இஸ்திரி கலையாத சட்டை. வாயில் ஆவிகூட வரவில்லை. அவர் ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பொறுக்க முடியாமல் நானே ஆரம்பித்தேன்.

"என்ன மாமா, வெட்டவெளியில நெருப்பு மூட்டிக்கிட்டுப் பாட்டுப் பாடுறானுங்க. எதிரி பாக்க மாட்டானா?"

"இருக்கட்டும், விடு."

"சட்டையப் பாருங்க, மடிப்புக் கலையல."

"அப்படியேதான் இருக்கும்" என்றார்.

"எது?"

"எல்லாந்தான். இப்படித்தான் ஒரே தட்டுல சாப்புடுவோம்."

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "பதினேழு வருசமா எல்லாம் பொய்யின்னீங்க. இப்ப மட்டும் எப்படி நெசமாச்சு?"

அவர் டிவியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அங்க இருந்தப்ப பொய்யாத் தெரிஞ்சுது. இங்கேருந்து பாத்தா சரியாத்தான் இருக்கு."

கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். "அந்தக் கையெழுத்தப் போட்டிருக்கணும்னு தோணுதா மாமா?"

"நீ வான்னு சொன்ன. வந்துட்டேன்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் என்னை அறுத்தது. நான் கூப்பிட்டதற்காக வந்திருக்கிறார். வர வேண்டும் என்று அவருக்குத் தோன்றி வரவில்லை.

எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. துடைத்தால் தெரிந்துவிடும் என்று துடைக்காமல், டிவியையே பார்த்தபடி இருந்தேன். அது கன்னத்தில் இறங்கி மடியில் சொட்டியது. அவர் திரும்பிப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது அவருக்கு.

"பாத்தியா, ஒனக்கே அழுவ வந்துருச்சு" என்று சொல்லி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.