தூண் வாங்கிய இரண்டாவது கிட்டார்

அந்த மெல்லிசைக் குழுவில் அவரை எல்லோரும் தூண் என்றுதான் கூப்பிடுவார்கள். மேடையின் பின்வரிசையில், டிரம்ஸுக்குப் பக்கத்தில், பாட்டுக்கு அடியில் கனத்த கீழ்ச்சுரம் போடுகிற பேஸ் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றால் மூன்று மணி நேரத்துக்கு ஆள் அசைய மாட்டார். பகலில் லிஃப்ட் பழுதுபார்க்கிற வேலை. வாரக் கடைசியில் கல்யாண வரவேற்பு, ஆண்டு விழா என்று கச்சேரி. இருபத்திரண்டு வருஷமாக இப்படித்தான். லிஃப்ட் கம்பெனியில் அவர் ஒரு பணியாளர் எண். குழுவில்தான் ஓர் ஆள்.

போன மாதம் ஒரு வரவேற்பில், மூன்றாவது பாட்டின் நடுவே, அவருடைய கிட்டார் ஊமையாகிவிட்டது. அது உள்ளே பேட்டரி போட்டு ஓடுகிற ரகம். ஒயரைச் சொருகி வைத்தாலே பேட்டரி தீர ஆரம்பித்துவிடும். ஒத்திகை முடிந்தபோது ஒயரைப் பிடுங்க மறந்து, இரண்டு நாள் அப்படியே விட்டிருந்தார். கம்பியைச் சுண்டுகிறார், விரல் அதிர்கிறது, ஸ்பீக்கர் பெட்டியிலிருந்து ஒன்றும் வரவில்லை.

அதைவிடப் பெரிய அடி அடுத்த நிமிஷம் விழுந்தது. கீபோர்டுக்காரர் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். இடது கையைக் கீழ்ச்சுரங்கள் பக்கம் நகர்த்தி, பேஸையும் தானே சேர்த்து வாசித்துக்கொண்டு போய்விட்டார். கூட்டத்தில் ஒருத்தர்கூடத் தலையைத் திருப்பவில்லை. முன்வரிசையில் ஒரு குழந்தை ஆடிக்கொண்டிருந்தது. அதுகூட ஆட்டத்தை நிறுத்தவில்லை.

கச்சேரி முடிந்ததும், குழுவை நடத்துகிற மாஸ்டர் பக்கத்தில் வந்தார்.

"தூணே, இன்னைக்கு பேட்டரி. நாளைக்கு வேற ஏதாவது. அடுத்த கச்சேரிக்கு இன்னொரு கிட்டார் கைவசம் இருக்கணும். இல்லேன்னா..." என்று கீபோர்டுக்காரர் பக்கம் பார்த்தார். மிச்சத்தைச் சொல்லவில்லை. சொல்லித் தொலைத்திருந்தால்கூடத் தேவலாம்.

அன்றிலிருந்து தூணுக்குச் சோறு இறங்கவில்லை. பதினோராவது மாடியில், லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்று வேலை செய்யும்போது வராத பயம், வீட்டில் சட்டையைக் கழற்றும்போது வந்தது. நாம் இல்லாமலே பாட்டு நடக்கிறது என்று இருபத்திரண்டு வருஷம் கழித்துத் தெரிந்துகொள்வது லேசான விஷயமா?

"ஏம்மா, உண்மையச் சொல்லு. பாட்டுல நான் வாசிக்கிறது உனக்குக் கேக்குமா?"

அவர் மனைவிக்கு மருந்துக் கடையில் பில் போடுகிற வேலை. பொய் சொல்ல வராது. "நீங்க நிக்கிறது தெரியும். அதுல உங்க சத்தம் எதுன்னு இன்னிவரைக்கும் பிடிபடல."

"நல்லா சொன்னே, போ."

"கேட்டீங்க, சொன்னேன். மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டா கிட்டார் தானா நடந்து வருமா? கெளம்புங்க, கடைக்குப் போலாம்."

பழைய வாத்தியங்கள் விற்கிற கடை அது, ஒரு மாடிப்படிக்குக் கீழே. இவர் கைக்கு எட்டுகிற விலையில் இரண்டு பேஸ்தான் இருந்தன. ஒன்று சிவப்பு. லேசானது, சத்தமும் கணீரென்று இருந்தது. ஆனால் அதற்குள்ளும் பேட்டரி. இன்னொன்று பழுப்பு. உடம்பெல்லாம் கீறல், நல்ல கனம், பேட்டரி கிடையாது.

பழுப்பைத் தூக்கி, கழுத்து நேராக இருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்தார். ஒவ்வொரு கட்டமாக அழுத்தி வாசித்தார். குமிழைத் திருகினார், கரகரப்பு இல்லை. சொருகிய ஒயரை ஆட்டிப் பார்த்தார், சத்தம் அறுபடவில்லை. வாரை மாட்டி எழுந்து நின்றதும்தான் கிட்டாரின் தலை தரையைப் பார்த்துச் சரிந்தது.

"என்னங்க இது, நின்னுக்கிட்டே தூங்குது?" என்றார் மனைவி.

"அகலமா தோல் வார் போட்டா நிக்கும்மா," என்றார் கடைக்காரர். "ஆனா சிவப்ப எடுத்துக்கோங்க சார். மேடையில எடுப்பா இருக்கும்."

"எடுப்பெல்லாம் வேணாங்க. நடுவுல செத்துப்போகாம இருந்தா போதும்."

சிவப்பை இன்னொரு தடவை வாசித்துக் கேட்டுவிட்டு, மனசில்லாமல் கீழே வைத்தார். பழுப்பைக் கடைக்காரர் சுருதி சேர்த்துக் கொடுத்தார்.

ஒரு வாரம் வீட்டில் ஒரே பயிற்சி. பழைய கிட்டாரைக் கழற்று, ஒயரைப் பிடுங்கு, பழுப்பை மாட்டு, சொருகு. மனைவி கட்டிலில் உட்கார்ந்து எண்ணுவார். முதல் நாள் இருபத்தாறு எண்ணிக்கை ஆயிற்று. கடைசி நாள் ஒன்பது. கீழ்வீட்டுக்காரர் சண்டைக்கு வருவார் என்று ஸ்பீக்கர் பெட்டியை மட்டும் போடவே இல்லை.

கச்சேரி நாள். பிற்பகல் நாலு மணிக்கு மண்டபத்தில் சத்தம் சரிபார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே நாற்காலி போடுகிறவர்கள் வரிசை பிடித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது பாட்டில், பாடகி அக்கா சரணத்தை எடுத்த நேரம், மாஸ்டர் பேசாமல் பின்னால் வந்து தூணின் ஒயரை வெடுக்கென்று பிடுங்கினார்.

"மாத்து!"

கை தானாக ஓடியது. ஒன்பது எண்ணுவதற்குள் பழுப்பு தோளில் இருந்தது. முதல் கம்பியைச் சுண்டினார். மேடையே கோணிக்கொண்டது போல் ஒரு சத்தம். அக்கா பாட்டை விட்டுவிட்டார். டிரம்ஸ் நின்றது. கீழே நாற்காலியோடு நின்றவர்கள் எல்லோரும் மேடையைப் பார்த்தார்கள்.

அக்காவின் குரலுக்காக அந்தக் குழு எட்டு வருஷமாக எல்லாவற்றையும் சுருதியில் அரைக் கட்டை இறக்கித்தான் வாசிக்கிறது. பழைய கிட்டார் இறக்கினபடியே கிடந்ததால் தூணுக்கு அந்த நினைப்பே அற்றுப்போயிருந்தது. பழுப்போ கடைக்காரர் சேர்த்த சுருதியில் அப்படியே இருந்தது.

"என்னய்யா இது?"

"இறக்கல மாஸ்டர்... மறந்துட்டேன்."

"நான் பாத்துக்கட்டுமா மாஸ்டர்?" என்றார் கீபோர்டுக்காரர். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை.

மாஸ்டர் வாயைத் திறப்பதற்குள் அக்கா மைக்கிலேயே பேசிவிட்டார். "நீ சும்மா இருப்பா. அவர் அரைக் கட்டை தப்பினதுக்கு என்னால ஒரு வார்த்த பாட முடியல. அப்போ இத்தனை நாள் நான் யாரக் கேட்டுப் பாடிட்டு இருந்தேன்? அன்னைக்கு அவர் சத்தம் நின்னதும் என் தொண்ட பட்ட பாடு எனக்குத் தெரியும். அவர் இறக்கட்டும், நான் நிக்கிறேன்."

மாஸ்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டு நிமிஷம்."

நாலு கம்பி, நாலு திருகாணி. வியர்வையில் விரல் வழுக்கியது. மூன்றாவது கம்பி அளவுக்கு மீறி இறங்கிவிட, மறுபடி ஏற்றினார். மாஸ்டர் தாளம் எண்ணினார். பாட்டு கிளம்பியது, அக்கா சரணம் முழுதும் பாடினார், நாற்காலிக்காரர்கள் தங்கள் வேலைக்குத் திரும்பினார்கள்.

"அடுத்த வாரம் ரெண்டு கச்சேரி," என்றார் மாஸ்டர், முகத்தைப் பார்க்காமல். "ரெண்டு கிட்டாரும் ஒரே சுருதியில வந்து சேரணும்."

"கொண்டு வர்றேன் மாஸ்டர்," என்றார் தூண். மாஸ்டர் நகர்ந்ததும் பழுப்பைத் தூக்கிக் காதோடு வைத்து, நாலு கம்பியையும் மறுபடி ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்க்க ஆரம்பித்தார்.