மத்தி மாமாவின் மனைவி

ஹெல்சிங்கியில் ஸ்வீடிஷ் பேசும் வீடுகளில் சனிக்கிழமை காப்பியோடு ‘விலாங்கு’ வந்தாக வேண்டும். நாட்டை ஆண்ட ரஷ்யர்களின் தணிக்கைக்காரர்கள் கையில் வழுக்கி நழுவுவதால் அந்தச் சிரிப்பிதழுக்கு அப்படியொரு பெயர். சில வாரம் பிடிபட்டுவிடும். பக்கங்கள் வெள்ளையாக வரும். யாரும் கைவைக்காத ஒரே பகுதி ‘மத்தி மாமா’. வீட்டில் அசடு வழியும் ஒரு மனிதரின் கூத்துகள், அவ்வளவுதான்.

அதை எழுதியவள் எல்வீரா, டிராம் ஓட்டுநர் ஆல்கோட்டின் மனைவி. தீவுக்காரி, நாலு பேர் முன்னால் வாயே திறக்கமாட்டாள். பெயர் போடாமல் தபாலில் அனுப்புவாள். மத்தி மாமா வேறு யாருமில்லை, ஆல்கோட்டேதான். உப்பு மத்தி ஊறிய தண்ணீரில் காப்பி போட்டுவிட்டு, “கொஞ்சம் கரிக்குதில்ல?” என்று கேட்ட மனிதரை எழுதாமல் எப்படி இருப்பது?

சனிக்கிழமை அதை அவரே உரக்க வாசிப்பார். “இப்படியும் ஒரு மடையன் இருப்பானா!” என்று தொடையைத் தட்டிச் சிரிப்பார். எல்வீரா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். ஊர் சிரிப்பது தன்னைப் பார்த்துத்தான் என்று தெரிந்தால் இந்த நல்ல மனிதர் நொறுங்கிப்போவாரே! நிறுத்திவிடலாம் என்று நினைப்பாள். அதற்குள் சவுனாவில் நீராவிக் குளியல் முடித்து, பக்கத்து வீட்டுக்காரரின் காற்சட்டையை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார்.

ஒரு குளிர்காலம் ஆல்கோட் நெஞ்சுச்சளியும் காய்ச்சலுமாகப் படுத்துவிட்டார். எல்வீரா எழுதவில்லை. இந்த நிலையில் சிரிப்பு ஒரு கேடா? சனிக்கிழமை இதழைப் புரட்டியவரின் முகம் வாடியது.

“மத்தி மாமா எங்க?”

“தணிக்கைக்காரன் வெட்டியிருப்பான்.”

“அவன் ஏன் வெட்டப்போறான்? நீதான் எழுதல.”

அவள் கையிலிருந்த ரொட்டி நழுவி விழுந்தது.

“உனக்கு... எப்பலேருந்து தெரியும்?”

“அந்த மத்தித் தண்ணி காப்பியிலேருந்து. நம்ம அடுக்களைல நடந்தது வேற யாருக்குத் தெரியும்?”

“கோவம் வரலியா?”

“மொத வாரம் வந்துச்சு. அப்புறம் பாத்தேன், எழுதறப்ப நீ தனியா சிரிக்கற. அப்படி நீ சிரிச்சு நான் பாத்ததே இல்ல.” அவருக்கு மூச்சு வாங்கியது. “அந்தக் காற்சட்டை இருக்கே, எனக்குப் பத்தவே இல்ல. வயித்த எக்கிக்கிட்டு மாட்டினேன்.”

“வேணும்னேவா?”

“பின்ன? இப்பதான் வழி தெரியல. படுத்துக்கிட்டே என்ன கூத்தடிக்கிறதுன்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். ஒண்ணும் தோணல, எல்வீரா.”

அவர் கையைப் பிடித்துக்கொண்டு அவள் விம்மி விம்மி அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தாள். முதல் வரியை வாசித்துக் காட்டியதும், கண்ணை மூடியபடியே அவர் தலையாட்டினார்.

“பத்தாது. இன்னும் கொஞ்சம் மடையனாக்கு.”