எல்லோரும் என்னிடம் மரியாதையாக இருந்த காலம்

மருத்துவ விடுப்பு முடிந்து டெல்லி லோதி ரோடு அலுவலகத்துக்கு நான் திரும்பியபோது குளிர் விட்டிருந்தது. பிரிவில் மின்விசிறிகளைப் போட ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு பைபோலார் என்ற மனநிலைக் கோளாறு என்பது மருத்துவச் சான்றிதழிலேயே இருந்ததால் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அதில் எனக்குச் சங்கடம் இல்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம்போல இதுவும் ஒன்று என்று நினைத்துக்கொண்டுதான் போனேன்.

முதல் நாளே ஏதோ சரியில்லை என்று தெரிந்தது. நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. கோப்பைக் கொடுத்த பிரிவு அதிகாரி "ஆராம் சே, ஆராம் சே" என்று, மெதுவா மெதுவா எனக் குழந்தையிடம் சொல்வதுபோல் சொன்னார். என் மேஜையில் பேனாக்களோடு நிற்கும் கத்தரிக்கோலைக் காணவில்லை.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது எதிர் மேஜைக்காரர்தான். மதுரைக்காரர். பத்து வருடமாக என்னோடு சண்டை போட்டு வந்தவர். ஜன்னலைத் திறப்பதா மூடுவதா, சாம்பாரில் வெல்லம் போடலாமா கூடாதா, எதுவானாலும் "யோவ், ஒனக்கு என்னய்யா தெரியும்?" என்றுதான் தொடங்குவார். அவர் இப்போது எழுந்து நின்று, "வாங்க சார், நல்லா இருக்கீங்களா?" என்றார். ஜன்னலை மூடட்டுமா என்று கேட்டேன். "ஒங்க இஷ்டம் சார்" என்றார். சாம்பாரில் வெல்லம் அவசியம் என்று வேண்டுமென்றே சொல்லிப் பார்த்தேன். "நீங்க சொன்னா சரிதான்" என்று தலையாட்டினார். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணத்தைச் சொன்னது டெல்லியிலேயே பிறந்து வளர்ந்த எங்கள் தட்டச்சுப் பெண். "அங்கிள், தப்பா நினைக்காதீங்க. புதுசா ஒரு மூவி வந்திருக்கு. அதுல ஹீரோவுக்கு உங்க ப்ராப்ளம்தான். எல்லாரும் பார்த்துட்டாங்க. இங்கிலீஷ்ல பை-ன்னா ரெண்டு இல்லையா, அதனால உள்ள ரெண்டு ஆள் இருக்காங்கன்னு பேசிக்கறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் மனைவியும் வீட்டிலேயே டி.வி.யில் அந்தப் படத்தைப் பார்த்தோம். நாயகன் கண்ணாடியை உடைக்கிறான். மழையில் மொட்டை மாடியில் நின்று சிரிக்கிறான். சிரித்து முடித்ததும் கத்தியைத் தூக்குகிறான். அடுத்த நிமிடம் மனைவியின் மடியில் விழுந்து அழுகிறான். கடைசியில் அவளுடைய அன்பே அவனைக் குணமாக்கிவிடுகிறது. நடித்தவர் நன்றாகத்தான் நடித்திருந்தார்.

"இவன் ஒரு மாத்திரைகூட முழுங்கலியே" என்றாள் மனைவி, வெண்டைக்காய் நறுக்கியபடி.

"நான் அப்படியா இருந்தேன்?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஒண்ணையும் ஒடைக்கல. தூங்காம இருந்தீங்க. டெல்லில இருக்கற தமிழ்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் தமிழ் சொல்லித்தரப்போறேன்னு ஊர்ப்பட்ட பேருக்கு போன் பண்ணினீங்க. மோதி பாக் போற பஸ்ல நின்னு பிரசங்கம் பண்ணினீங்க. எல்லாரும் ஒங்களப் பாராட்டினாங்க. எனக்கு மட்டுந்தான் பயமா இருந்துச்சு. அப்புறம் படுத்தீங்க பாருங்க, பல்லு வெளக்கக்கூட எழுந்திரிக்கல. அதை எப்படிப் படம் எடுப்பான்? சும்மா போர்வையத்தான் காட்டணும்."

படத்தை யாரிடமும் மறுத்துப் பேச நான் போகவில்லை. பேசினால் குரல் உயரும்; உயர்ந்தால் அதையும் நோய் என்பார்கள். வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் ஏறிய ஒரு நாள், மதியக் கூட்டத்துக்கான குறிப்பை நான் நேரத்துக்குக் கொடுக்கவில்லை. மருந்தின் மந்தம் பாதி, என் மறதி பாதி. கூட்டத்தில் வசவு வாங்கியது எதிர் மேஜைக்காரர். திரும்பி வந்தவர் கோப்பை என் முன்னால் தொப்பென்று போட்டார். "யோவ், ஒனக்கு அறிவிருக்காய்யா? அத்தன பேரு முன்னாடி நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன்!"

சொன்ன பிறகுதான் யாரிடம் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. எனக்கோ சிரிப்பு பொங்கி வந்தது; அடக்க முடியவில்லை. நான் சிரித்ததைப் பார்த்து அவர் கதவுப்பக்கம் இரண்டடி பின்வாங்கினார்.

"கத்தியெல்லாம் இல்லய்யா" என்றேன். "கத்தரிக்கோலையும் நீங்கள்லாம் சேர்ந்து எடுத்துட்டீங்க. உக்காரும்."

அவர் நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார். "படம் பார்த்துட்டியா?" என்றார் மெதுவாக.

"பார்த்தேன். இப்ப எனக்குள்ள ஒரே ஆள்தான் இருக்கான். அவன் செஞ்ச தப்புக்கு நீர் திட்டினது நியாயம்."

மாலையில் பஸ் நிறுத்தம்வரை சேர்ந்து நடந்தோம். அவர் நிறையக் கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். ஒரு கேள்வி மட்டும் என்னை நிறுத்தியது: "ஒனக்கு இது திரும்ப வந்தா நாங்க எப்படிய்யா கண்டுபிடிக்கிறது?"

அதுவரை யாரும் இதைக் கேட்டதில்லை. "நான் கோபப்பட்டா பயப்படாதேயும்" என்றேன். "ரொம்ப சந்தோஷமா, தூக்கமே இல்லாம, ஊரையே திருத்தறேன்னு கிளம்பினா என் வீட்டுக்காரிக்கு ஒரு போன் போடும்." அங்கேயே அவள் எண்ணை வாங்கிக்கொண்டார்.

என் மகளுக்கு வேலை கிடைத்த அன்று அவர் அவசரப்பட்டு ஒருமுறை என் மனைவியைக் கூப்பிட்டுவிட்டார். "இன்னிக்கு ஒரே சிரிப்பா இருக்காரும்மா." மனைவி விஷயத்தைச் சொன்னதும் லட்டு எங்கே என்று கேட்டாராம்.

அடுத்த குளிர்காலத்தில் அவர் கூப்பிட்டது சரியாக இருந்தது. பிரிவையே மாற்றியமைக்க நான் பக்கம் பக்கமாக யோசனைகள் எழுதிக்கொண்டிருந்தேன். அவையெல்லாம் அபாரமானவை என்றே எனக்குத் தோன்றியது. மனைவி மறுநாளே மருத்துவரிடம் அழைத்துப் போனாள். மருந்தின் அளவை மாற்றினார்கள். ஒரு வாரம் தலை கனத்துக் கிடந்தது. ஆனால் இந்தமுறை நீண்ட விடுப்பு எடுக்க வேண்டியிருக்கவில்லை.