சாரல் ஓயட்டும்

எங்கள் ஊரில் ஆனி ஆடியில் எது கெட்டாலும் பழி சாரல் மேல்தான். அப்பளம் நமத்தால் சாரல், பஸ் வராவிட்டால் சாரல், முட்டி வலித்தால் சாரல். தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில் குடியிருந்தால் இந்தப் புத்தி தன்னால் வந்துவிடும். வெளியூர்க்காரன் அருவியில் தண்ணீர் விழுகிறதா என்று போனில் கேட்பான். நாங்கள் இன்றைக்காவது வேட்டி காயுமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அப்படி ஒரு நாளில்தான் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் நெட் நின்றது. சாரல் என்றுதான் நானும் சொன்னேன்.

நான் வயர்மேன். முப்பது வருசம் கம்பியோடு மல்லுக்கட்டிவிட்டு ஓய்ந்தவன். தெருவில் யார் வீட்டில் ஃப்யூஸ் போனாலும் இன்னமும் என்னைத்தான் தேடுவார்கள். நெட்காரர் கூடத்து மூலையில் ரூட்டர் பெட்டியை மாட்டிவிட்டுப் போன பிறகு, அங்கிருந்து உள்ளறைக் கம்ப்யூட்டருக்குக் கேபிள் இழுத்தது நான்தான். சுவரோடு சுவராக, வெள்ளை பிளாஸ்டிக் பட்டிக்குள் ஒளித்து, நூல் பிடித்த மாதிரி இழுத்திருந்தேன். பழைய கம்ப்யூட்டர். கேபிள் சொருகினால்தான் அதற்கு நெட்.

அந்த நெட் எங்களுக்கு எதற்கு என்றால், பேத்தி முகம் பார்க்க. மகள் மஸ்கட்டில் இருக்கிறாள். ஆனி மாதம் அங்கேயே முதல் பிள்ளை பிறந்தது. என் வீட்டுக்காரிக்குச் சர்க்கரை கண்ணில் இறங்கிவிட்டது. மகள் செல்போனில் பிள்ளையைக் காட்டினால், இவளுக்கு ஏதோ துணிச் சுருள் மாதிரி தெரியும். கம்ப்யூட்டர் திரை பெரியது. அதன் முன்னால் நாற்காலியை நெருக்கிப் போட்டு உட்கார்ந்தால் மூக்கும் முழியும் தெரிந்துவிடும் என்று காத்திருந்தாள். அதைத் தவிர அவள் என்னிடம் வேறொன்றும் கேட்கவில்லை.

மகள் சாயங்காலம் கூப்பிடுவாள். இவள் முகம் கழுவி, பொட்டு வைத்து, நல்ல சேலை கட்டி உட்காருவாள். திரையின் மூலையில் சிவப்புப் பெருக்கல் குறி நிற்கும். ரூட்டரை அணைத்துப் போடுவேன். கேபிளை உருவி வாயால் ஊதிச் சொருகுவேன். பக்கத்து ஓட்டையில் மாற்றிச் சொருகுவேன். போதாக்குறைக்கு கரண்ட் டெஸ்டரை எடுத்துக்கொண்டு வந்து வைத்துப் பார்த்தேன். நெட் கேபிளில் அது எரியுமா? தொழில் செருக்கு, கை சும்மா இருக்கவில்லை. நெட்காரருக்குப் போன் போட்டால், ரூட்டர் வரைக்கும் எல்லாம் சரியாக வருகிறது, கோளாறு வீட்டுக்குள்ளே ஓடுகிற கேபிளில்தான், வந்து பார்க்கட்டுமா என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. நான் இழுத்த கேபிளையா குறை சொல்லுகிறீர் என்று வைத்துவிட்டேன்.

மதியம் என்றைக்காவது வெயில் எட்டிப் பார்த்தால் நெட் வந்துவிடும். அவசரமாக மகளைக் கூப்பிடுவோம். அவள் எடுத்து, தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் இங்கே தூறல் விழும். இவள் மொட்டைமாடிக்கு ஓடித் துணிகளை அள்ளிக்கொண்டு வந்து கூடத்துக் கொடியில் போட்டுவிட்டு மூச்சு வாங்க வந்து உட்காருவாள். படம் உறைந்து நிற்கும், பிறகு அதுவும் போய்விடும். பார்த்தாயா, சாரல் வந்தது, நெட் போனது என்பேன். கணக்கு அவ்வளவு சரியாக இருந்தது.

ஒருநாள் அவள் ஈரச் சேலையைக் கையில் வைத்துக்கொண்டே யோசனையாக நின்றாள்.

"ஏங்க, நான் துணியக் கொடியில போட்டாத்தான் போவுது. கவனிச்சியளா?"

"ஏட்டி, துணிக்கும் நெட்டுக்கும் என்ன சம்பந்தம்? முப்பது வருசம் வயரோட கெடந்தவன் நான். சாரல் ஓயட்டும், தன்னால வரும்."

இதைச் சொல்லிவிட்டுச் சிரித்தேன். அன்று சாயங்காலமே இதை மகளிடம் போனில் சொல்லியும் சிரித்தேன். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். அதற்குப் பிறகு என் வீட்டுக்காரி அதைப் பற்றிப் பேசவில்லை.

சாரல் ஓயவில்லை. ஆடி பாதியில், சாப்பிட்டுவிட்டு மதியம் படுத்தவள் காபி நேரத்துக்கு எழுந்திருக்கவில்லை. தொட்டுப் பார்த்தேன். சில்லிட்டிருந்தது.

துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார வேண்டுமே என்று கூடத்துக் கொடியை யாரோ அவிழ்த்துவிட்டார்கள். கைப்பிள்ளைக்கு இன்னும் பாஸ்போர்ட் வராததால் மகளால் வர முடியவில்லை. பதினாறாம் நாள் அவள் அழுது அழுது கேட்டாள் என்று கம்ப்யூட்டரைப் போட்டேன். வெளியே கண் தெரியாத அளவுக்கு மழை. நெட் அறுபடாமல் வந்தது. ஒரு மணி நேரம் பேசினோம். பேத்தியின் முகம் திரை நிறைய வந்தது. கொட்டாவி விட்டாள். வாய்க்குக் கீழே அவள் ஆச்சியின் நாடி அப்படியே இருந்தது. பக்கத்து நாற்காலி காலியாகக் கிடந்தது. இந்த மழையில் எப்படி நெட் வருகிறது என்று ஒரு நெருடல் வந்தது. அழுகையில் அது போய்விட்டது.

ஆவணி பிறந்தது. உறவெல்லாம் ஊர் போய்ச் சேர்ந்த பிறகு, அவர்கள் போர்த்திய போர்வைகளைத் துவைத்தேன். வெயில் சுள்ளென்று அடித்தது. ஆனாலும் பழக்க தோசம், கூடத்தில் திரும்பவும் கொடி கட்டி, அவள் விரிக்கிற இடத்திலேயே விரித்தேன். கம்ப்யூட்டரில் மகள் பேசிக்கொண்டிருந்தாள். இரண்டாவது போர்வையைப் போட்டதும் அவள் குரல் நின்றது.

போர்வைகளை எடுத்தேன். நெட் வந்தது. போட்டேன். போனது. சுவிட்சைப் போட்டு அணைப்பது மாதிரி இருந்தது. கொடியின் ஆணியைப் பார்த்தேன். சாரல் தொடங்கிய அன்று, வீட்டுக்குள் துணி உலர்த்த நானே அடித்த ஆணி. வெள்ளைப் பட்டியை ஒட்டி அடித்ததாகத்தான் நினைத்திருந்தேன். பட்டியைப் பிரித்துப் பார்த்தால், ஆணி கேபிளின் ஓரத்தில் பாய்ந்திருந்தது. உள்ளே ஒரு மெல்லிய கம்பி முக்கால்வாசி அறுந்து கிடந்தது. கொடியில் பாரம் ஏறினால் ஆணி சாயும், கம்பி பிரியும். பாரம் இறங்கினால் ஒட்டிக்கொள்ளும்.

மழை பெய்ததால் துணி உள்ளே வந்தது. துணி உள்ளே வந்ததால் நெட் போனது. கண் தெரியாதவள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னாள். நான் சிரித்தேன். அரை மணி நேர வேலை. ஆணியை ஒரு சாண் தள்ளி அடித்திருந்தால் அவள் பேத்தியைப் பார்த்திருப்பாள். தரையில் உட்கார்ந்து, அந்த ஈரப் போர்வையில் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

செல்போன் அடித்தது. மகள்.

"எப்பா, ஏன் கட்டாச்சு?"

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். அன்றைக்கு அவளும் கூடச் சிரித்தது ஞாபகம் வந்தது.

"சாரல்தாம்மா."

"இன்னுமா ஓயல?"

ஜன்னல் வழியே வெயில் கூடத்துக்குள் பாதி தூரம் வந்திருந்தது.

"ஓயல தாயி" என்றேன்.