அப்பா 'நோ' சொல்லப் பழகிய கிழமை

என் குழந்தையின் எடையைப் பார்க்கத் தாதி வரும்போதெல்லாம், சரியாகப் பதில் சொன்னேனா என்று அன்று முழுக்க யோசித்துக்கொண்டிருப்பேன். அப்பாவுக்கு அந்தக் குழப்பமே இருந்ததில்லை. யார் என்ன கேட்டாலும் "யெஸ், யெஸ்" என்பார்.

2009இல் எனக்கு ஏழு வயது. லண்டனில், லூயிஷாமில் இருந்தோம். மாலையில் அம்மா வேலைக்குப் போன பிறகு, அப்பா திரும்பும்வரை நானும் தம்பியும் வீட்டில் தனியாக இருப்பது ஊர் நிர்வாகமான கவுன்சிலுக்குத் தெரிந்துவிட்டது. அங்கிருந்து ஒரு பெண் வந்தார். அம்மா வடை சுட்டார். வீடு தேடி வந்தவரை, அதுவும் அரசாங்கத்து ஆளை மறுத்துப் பேசுவது அப்பாவுக்கு மரியாதைக் குறைவு. தலையாட்டினார். எங்கள் இருவரையும் கொஞ்ச காலம் வேறொரு குடும்பத்திடம் விடுவதற்கும் சேர்த்துத்தான்.

அந்த வீட்டில் நாய் இருக்கிறதாம். விடுமுறைக்குப் போகிறோம் என்று நினைத்து, நான் அன்றைக்கே நீச்சலுடையைப் பையில் வைத்துவிட்டேன்.

விஷயம் அறிந்த மாமா, தலையில் அடித்துக்கொண்டு எங்களை ஒரு சட்டத்தரணியிடம் இழுத்துப் போனார். வெள்ளைக்காரப் பெண்; காசு வாங்கவில்லை. கொடுத்த சம்மதத்தை அப்பா திரும்பப் பெறலாம், ஆனால் அடுத்த கிழமை நடக்கும் கவுன்சில் கூட்டத்தில் அவரே வாய் திறந்து சொல்லவேண்டும் என்றார். அங்கேயே ஒத்திகை தொடங்கியது. மாமா அம்மாவின் சால்வையைப் போர்த்துக்கொண்டு கவுன்சில் பெண்ணானார்.

"பிள்ளையளைக் கொண்டு போகட்டோ?"

"யெஸ்... சொறி, நோ."

"அத்தான், சொறி சொல்லாதேங்கோ!"

"என்னட்டை மட்டும் ஏலாது எண்டு சொல்ல நல்லாய்த் தெரியும்," என்றார் அம்மா.

பாஷை புரியாத சட்டத்தரணியும் சிரித்தார். நான் கதிரையில் ஏறிக் குதித்தேன். பள்ளி நாடகத்தில்கூட அவ்வளவு கொண்டாட்டம் இருந்ததில்லை.

கூட்டத்தன்று அப்பா கலியாணக் கோட்டைப் போட்டிருந்தார். நானும் தம்பியும் சித்தியோடு வெளியே இருந்தோம். கதவைத் தாண்டி அப்பாவின் "நோ!" கேட்டது, வாசலில் நின்ற காவலாளி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. நான் கைதட்டினேன். பார்க்கிங் என்ற ஊரிலிருந்து சித்தி எங்களோடு வந்து தங்கி மாலையில் பார்த்துக்கொள்வார் என்று சட்டத்தரணி சொல்ல, சரி, அப்படிச் செய்து பார்ப்போம் என்று கவுன்சில்காரர்கள் ஒத்துக்கொண்டார்களாம்.

"அப்ப நாங்கள் எப்ப போறம்?"

"ஒரு இடமும் போகேல்லைப் பிள்ளை," என்றார் சித்தி.

பஸ்ஸில் எனக்கு அழுகையே வந்துவிட்டது. இவ்வளவும் பழகி, நன்றாகச் சொல்லியும், கிடைத்தது ஒன்றுமில்லையே! அப்பா என் கையை இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் கை வியர்வையில் நனைந்திருந்தது. வெயிலில்லாத நாளில் அப்பாவுக்கு ஏன் வியர்க்கிறது என்று நினைத்தபடி, என் கையை உருவிச் சட்டையில் துடைத்துக்கொண்டேன்.